தங்கவயல் வரலாறு: பங்களாவிலிருந்தா, லைனிலிருந்தா?

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப்பட்ட எதைக் கையில் எடுத்தாலும் இரண்டாம் பக்கத்துக்குள் ஒரு கணக்கு வந்துவிடும். எத்தனை டன் தங்கம், எத்தனை அடி ஆழம், எத்தனை ஆயிரம் கூலிகள். அந்தக் 'கூலிகள்' யார் என்பது ஒன்றும் ரகசியமில்லை. வடஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன தமிழ் பேசும் தலித்துகள்தான் அதில் பெரும்பகுதி. ஆனாலும் ஊரின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு அவர்கள் எண்ணிக்கையாகவே தட்டுப்படுகிறார்கள். கையும் காலும் நுரையீரலும் உள்ள உடம்பாகத் தெரிகிறார்கள். யோசித்தவர்களாக, வாசித்தவர்களாக, கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்தியவர்களாகத் தெரிவதில்லை. ஏன் தெரிவதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன். துரைமார்களின் நினைவு எழுத்து, சினிமா, ஆய்வு நூல்கள், தொழிற்சங்கக்காரர்கள் சொல்லும் வரலாறு ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஊரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், ஆந்திரமும் தமிழ்நாடும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கிறது தங்கவயல். கல்லும் முள்ளுமாகக் கிடந்த வறண்ட மேட்டுநிலம். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி அங்கே கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வரிசையாக வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். கிடைத்த தங்கத்தில் மைசூர் அரசுக்கு 5 சதவீதம் ராயல்டி. மீதி லண்டன் பங்குதாரர்களுக்கும் செலவுக்கும். 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசிடம் போயின. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. 120 வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

1. கண்டுபிடித்தவன் யார்?

1802ல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்கிற ராணுவ அதிகாரி, இந்தப் பக்கத்தில் மண்ணிலே தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டுத் தேடிப் போகிறார். மாரிக்குப்பத்தில் பறையர்கள் குழிவெட்டிக் கல் எடுப்பதையும், பெண்கள் அந்தக் கல்லை இடித்துத் தூளாக்கி அலசுவதையும் பார்த்து எழுதிவைக்கிறார். எழுபது வருஷம் கழித்து மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் வருகிறார். நியூசிலாந்துப் போரில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றுப் பெங்களூரில் தங்கியவர். 1873ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். 1875ல் இருபது வருஷக் குத்தகை கிடைத்தது. தன்னிடம் முதலில்லாததால் அந்த உரிமையை வேறு ஆட்களுக்குக் கைமாற்றினார். வரலாற்று நூல்கள் முன்னோடி என்று இவரைத்தான் சொல்கின்றன. பெங்களூரில் இவர் பெயரில் ஒரு பெரிய தெருவே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாரிக்குப்பத்துப் பறையர்களை மறைத்தவர் வாரன் அல்ல. அவர் கண்ணால் பார்த்ததை எழுதினார். பின்னால் வந்து வரலாறு எழுதியவர்கள், அந்த வரிகளை ஒரு முன்கதையாக மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்தியில் 'கண்டுபிடிப்பு' என்று தொடங்கினார்கள். அதாவது, நிலத்தைத் தெரிந்துவைத்திருந்தவன் முன்கதை. குத்தகைப் பத்திரம் வைத்திருந்தவன் கதை. காலனிய வரலாற்று எழுத்து முழுக்க இந்த விதி ஓடுகிறது. நம்ம கிராமத்து நிலக் கதையும் இதேதான். ஏரியையும் கால்வாயையும் வெட்டினவன் ஒருத்தன், பட்டா வேற ஒருத்தன் பேர்ல இருக்கும்.

2. ஏன் போனார்கள்?

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். எங்க பாட்டி காலத்து ஆட்கள் 'வயலுக்குப் போயிட்டான்' என்று சொன்னால் அதற்கு ரெண்டு அர்த்தம் உண்டு. விடியறதுக்கு முன்னால ஆண்டை நிலத்துக்குப் போனவன் ஒருத்தன். ராத்திரியோட ராத்திரியா கோலாருக்கு ரயிலேறினவன் இன்னொருத்தன். ரெண்டாவது ஆளைப் பத்திப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்குவாங்க. அவன் தலைமேல ஆண்டைகிட்ட வாங்கின கடன் இருக்கும். அவன் தம்பியோ மச்சானோ அந்தக் கடனுக்கு இன்னும் ஏர் பிடிச்சிட்டிருப்பான்.

பஞ்சம் விரட்டியது, கங்காணி ஏமாற்றினான், வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனான் என்று மட்டும் தங்கவயல் குடிப்பெயர்ச்சியை எழுதுவது பாதி உண்மை. பஞ்சம் இருந்தது, மேஸ்திரியும் முன்பணமும் இருந்தன. ஆனால் போனவர்கள் ஒரு கணக்குப் போட்டுத்தான் போனார்கள். ஊரில் படியாளுக்குக் கூலி தானியம். அதையும் அளக்கிற மரக்கால் ஆண்டை கையில். சுரங்கத்தில் கூலி காசு. ஊரில் குளத்திலே தண்ணி எடுக்க முடியாது, செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க முடியாது. அங்கே கம்பெனி தந்த குழாய். உள்ளே இறங்குகிற கேஜில் ஒருத்தன் உடம்பு இன்னொருத்தன் உடம்பில் இடிக்காமல் நிற்க முடியாது. தீட்டைப் பார்க்க அங்கே இடமில்லை. சிலோனுக்கும் பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறியவர்களுக்கு இருந்த அதே காரணம்தான் இதற்கும். ஒரு வித்தியாசம், தங்கவயலிலிருந்து ரயிலில் திரும்பி வந்துவிடலாம். பொங்கலுக்குப் புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்து சேரியில் நிற்கலாம். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கிளம்பலாம்.

இதைச் சொன்னவுடன், 'அப்படியானால் கம்பெனி விடுதலை கொடுத்தது என்கிறாயா' என்று தோழர்கள் கேட்பார்கள். கம்பெனி விடுதலை கொடுக்கவில்லை. கம்பெனிக்கு மலிவான, அடங்கி நடக்கிற உடம்புகள் தேவைப்பட்டன. கிராமத்தை விட்டுத் தப்பிக்க இவர்களுக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. இரண்டு தேவையும் சந்தித்த இடம் தங்கவயல். அந்த வாசல் பாதாளத்தில் போய் முடிந்தது என்பதுதான் அடுத்த சங்கதி.

3. வேலிக்குள் ஒரு ஊர்

கம்பெனி ஊர் என்றால் வேலை மட்டும் கம்பெனியுடையது என்று அர்த்தமில்லை. வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, பாதை, விளக்கு எல்லாம் கம்பெனியைப் பார்த்துத்தான் இருந்தன. பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894ல் ரயில் வந்தது சுரங்கத்துக்காக. பேத்தமங்கலத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீர் வந்தது சுரங்கத்துக்காக. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902 ஜூனில் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்ததும் சுரங்கத்துக்காகத்தான். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின்சாரம் வந்தது அதற்குப் பிறகு 1905ல். இதைப் பெருமையாகச் சொல்லாத கட்டுரையே இல்லை. 

இந்த ஊர் சாதியைப்போல இனத்தால் அடுக்கப்பட்டிருந்தது. மேலே ஆங்கிலேயர்கள். அவர்களுக்குக் கீழே மேற்பார்வைக்கு இத்தாலியர், ஆங்கிலோ இந்தியர். காவலுக்குப் பஞ்சாபிகள், பட்டாணியர். உள்ளே பாறையை உடைப்பதற்குத் தமிழ்த் தலித்துகள். வீடுகளும் அதே வரிசையில். மேட்டில் தோட்டம் வைத்த பங்களா. பள்ளத்தில் மூங்கில் தட்டியால் அடைத்த லைன். கிராமத்தில் ஊர், சேரி என்று இருந்தது இங்கே பங்களா, லைன் என்று பெயர் மாறியது.

1897ல் மைசூர் அரசு சுரங்கத்துக்கென்று ஒரு சட்டம் போட்டது. தங்கம் கலந்த பொருள் ஒருவனிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவன் ஒழுங்காகக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால் அவன் குற்றவாளி. திருடினான் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டியதில்லை. திருடவில்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனுக்கு உடம்புச் சோதனை. பிறகு கைரேகைப் பதிவு. கையில் எண் பொறித்த காப்பு மாட்டுகிற திட்டமும் ஒரு கட்டத்தில் வந்தது. ஒரு சாதியையே பிறவித் திருடர்கள் என்று பட்டியலில் ஏற்றிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை நாம் அறிவோம். இங்கே ஒரு ஊரின் தொழிலாளர் வர்க்கத்தையே சந்தேகத்தில் நிறுத்தினார்கள். பாறைக்குள்ளிருந்து தங்கத்தை வெளியே கொண்டுவந்தவன், வெளியே வரும்போது திருடன்.

நுரையீரல் கதை இன்னும் கொடியது. கோலார்ப் பாறை சிலிக்கா நிறைந்தது. துளைபோடும்போது கிளம்பும் தூசு நெஞ்சில் போய்ப் படிந்து கெட்டியாகிறது. சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். லைனில் அதை இருமல் என்பார்கள், டி.பி. என்பார்கள். 1940களில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது தெரியவந்தது. இந்தியத் தொழில்சார் மருத்துவத்தின் வரலாற்றில் அந்த ஆய்வு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆழம் கூடக்கூடப் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. தோண்டித் தோண்டி அழுத்தம் மாறிய பாறை, குண்டு வைக்காமலே வெடித்தது. 'ஏர் பிளாஸ்ட்' என்று ஊரே அதற்குப் பெயர் வைத்திருந்தது. மேலே வீட்டில் பாத்திரம் அதிர்ந்தால், இப்போது உள்ளே இருக்கிற ஷிப்டில் யார் வீட்டு ஆள் என்று பெண்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

4. 'குட்டி இங்கிலாந்து' என்ற புலம்பல்

தங்கவயலைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் நினைவு எழுத்துகள் ஒரே அச்சில் வார்த்தவை. கிளப், நடன மண்டபம், கோல்ஃப் மைதானம், கிறிஸ்துமஸ் விருந்து, ரோஜாத் தோட்டம். அந்தக் காலத்து வாழ்க்கை இனி வருமா என்கிற பெருமூச்சு. இந்தப் பிரதிகளில் லைன் எப்படி வருகிறது என்று தேடிப் பார்த்தேன். சமையல்காரராக, ஆயாவாக, தோட்டக்காரராக வருகிறது. விசுவாசமுள்ளவர்களாக வருகிறது. அதிகாலைச் சங்குச் சத்தத்துக்குக் கூட்டமாக நடந்துபோகும் நிழல்களாக வருகிறது. 

தங்கள் பால்யத்தை நினைத்து ஏங்குகிறவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆங்கிலோ இந்தியர்களும் அந்த அடுக்கில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான். என் மறுப்பு வேறு. ஒரு ஊரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஜனத்தின் பொழுதுபோக்கு அந்த ஊரின் வரலாறு ஆகாது. அதைவிடக் கவலை, நம் ஆட்களிலேயே சிலர் இந்தப் புலம்பலைக் கடன்வாங்கிக்கொண்டதுதான். 'கம்பெனி காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துது, துரை நல்லவரு' என்று லைனில் வளர்ந்தவரே பேசக் கேட்டிருக்கிறேன். சுரங்கம் மூடி, வேலை போய், குழாயில் தண்ணீர் நின்ற ஊரில் இருந்துகொண்டு பேசுகிற பேச்சு அது. இன்றைய பட்டினி நேற்றைய சங்கிலிக்கு மெருகேற்றுகிறது. அதை அனுதாபத்தோடு கேட்கலாம். வரலாறாக ஏற்க முடியாது.

விஞ்ஞானமும் இதே வேலையைச் செய்திருக்கிறது. 1965ல் தங்கவயலின் ஆழத்தில் வைத்த கருவிகளில்தான் வளிமண்டல நியூட்ரினோ என்கிற நுண்துகள் முதன்முதலாகத் தட்டுப்பட்ட பதிவுகளில் ஒன்று கிடைத்தது. உலகப் பெருமை. அவ்வளவு ஆழம் இருந்ததால்தான் அது முடிந்தது என்று எழுதுகிறார்கள். ஆழம் என்பது இயற்கை கொடுத்த வசதி மாதிரி எழுதுகிறார்கள். அது கை வைத்துத் தோண்டப்பட்ட ஆழம்.

5. மாரிக்குப்பத்தின் வாசகர்கள்

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1907 ஜூனில் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். பூர்வ பௌத்தம் என்ற தன் சிந்தனையை வாரா வாரம் அதில் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை உருவாகிவிட்டது. சென்னைக்கு வெளியே அவருடைய இயக்கம் ஆழமாக வேர்பிடித்த இடங்களில் தங்கவயல் முக்கியமானது. 1914ல் அயோத்திதாசர் மறைந்தார். சில காலத்தில் இதழும் நின்றது. அதை மறுபடி உயிர்ப்பித்தது சென்னை அல்ல, தங்கவயல். 1926 முதல் பண்டிதர் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு பேசியது, உறவாடியது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பதிப்பகம் அங்கிருந்து அயோத்திதாசர் நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தது. இன்று நம் கையில் அயோத்திதாசர் இருக்கிறார் என்றால் அதில் தங்கவயல்காரர்களின் பங்கு பெரிது.

கொஞ்சம் நின்று இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். தட்டி வீட்டில் குடியிருக்கிறவர்கள், உடம்புச் சோதனை கொடுத்துவிட்டு வெளியே வருகிறவர்கள், சட்டத்தின் கண்ணில் சந்தேகத்துக்குரியவர்கள். அவர்கள் நடுவிலே ஒரு அச்சுப் பத்திரிகை, ஒரு பதிப்பகம், விகாரம், சொற்பொழிவு, பள்ளிக்கூடம், புரோகிதன் இல்லாத கல்யாணம். வேதம் எங்கிருந்து வந்தது, சாதி எப்போது வந்தது, நாம் யார் என்ற விவாதம். ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். கூலிக் காசிலிருந்து சந்தா போயிருக்கும். கிராமத்தில் ஆண்டையின் கீழே இது நடந்திருக்க முடியாது. காசுக் கூலி என்று நான் முன்னால் சொன்னது வயிற்றுக்கு மட்டும் அல்ல. காசு இருந்ததால் சந்தா கட்ட முடிந்தது.

இதையும் புனிதமாக்க வேண்டாம். சங்கத்தில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆசிரியர், எழுத்தர், கொஞ்சம் வசதி கண்டவர்கள். பாறையில் துளைபோடுகிறவனுக்கும் மேடையில் பேசுகிறவனுக்கும் தூரம் இருந்தது. லைனுக்குள்ளேயே உட்சாதிப் பிளவும் இருந்தது. அயோத்திதாசர் எழுத்திலேயே மற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைப் பற்றி நாம் ஏற்க முடியாத வரிகள் உண்டு. இவற்றைப் பேசாமல் விட்டால் பங்களாக்காரர்கள் செய்ததை நாமும் செய்கிறவர்கள் ஆவோம். ஆனால் பேசுவதற்கு முதலில் அந்த வாசகர்கள் இருந்தார்கள் என்பது வரலாற்றில் ஏற வேண்டும்.

6. சினிமா தந்த இரண்டு தங்கவயல்கள்

2018லும் 2022லும் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்களின் இரண்டு பாகங்களையும் நாடே பார்த்தது. கற்பனை ஊர் என்று சொல்லிக்கொண்டாலும் பெயர் தங்கவயலுடையது. படம் பிடித்த இடமும் தங்கவயலின் சயனைடு மண்மேடுதான். கதையில் சுரங்கம் வெளியுலகுக்குத் தெரியாத கொத்தளம். உள்ளே ஆயிரக்கணக்கான அடிமைகள். அழுக்கும் பயமுமாக ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பம்பாயிலிருந்து ஒருவன் வருகிறான். அவன் அடிக்கிறான், இவர்கள் நிமிர்கிறார்கள். பிறகு அவனே அவர்களுக்கு ராஜா ஆகிறான்.

படத்தின் கதை நடப்பது 1951லிருந்து 1981 வரை. அந்த வருஷங்களில் நிஜத் தங்கவயல் எப்படி இருந்தது? 1930லேயே, சட்டம் அங்கீகரித்த சங்கம் ஏதும் இல்லாத காலத்திலேயே, கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்திருந்தார்கள். அந்த நாளை ஊர் மறக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கம்யூனிஸ்டுகளும் அம்பேத்கர் வழிவந்தவர்களும் அங்கே தேர்தலில் நின்று ஜெயித்தார்கள். குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். தலைநகரங்களே கொண்டாடிக்கொண்ட எந்தத் தலைவருக்கும் முன்னால் பாபாசாகேப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஊர் அது. இப்படிப்பட்ட ஊரைப் பேச்சற்ற அடிமைக் கூட்டமாகக் காட்டினால், அதைக் கற்பனை என்று விட்டுவிட முடியாது. படத்தில் யாருக்கும் சாதி கிடையாது. பத்திரிகை கிடையாது, சங்கம் கிடையாது. சாதியையும் சங்கத்தையும் துடைத்து எடுத்த பிறகுதான் ஒரு வீரனுக்கு அங்கே இடம் கிடைக்கிறது.

2024 ஆகஸ்டில் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. வடஆற்காட்டுக் கிராமத்தில், கையளவு நிலத்தையும் மிராசிடம் இழக்கும் குடும்பம். துரையோடு சேர்ந்து தங்கம் தேடிப் போகும் பயணம். நிலம் யாருடையது, தங்கம் யாருடையது, உடைந்து கிடக்கும் புத்தர் யாருடையவர் என்று படம் கேட்கிறது. கிராமத்து அடிமைத்தனத்திலிருந்து தொடங்கியது சரியான அரசியல். 'கண்டுபிடித்தவன் துரை' என்ற பொய்யையும் படம் உடைக்கிறது. நம் மக்களைத் திரையின் நடுவில் நிறுத்தியதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

நன்றியோடு ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். படத்தில் பௌத்தம் கனவாக, ரத்தத்தில் ஊறிய பூர்வ நினைவாக, ஆவேசமாக வருகிறது. நிஜத் தங்கவயலில் பௌத்தம் வாசித்து வந்தது. விவாதித்து, சந்தா கட்டி, அச்சுக்கோர்த்து வந்தது. முதலாவது பிறப்பால் கிடைப்பது. இரண்டாவது முயற்சியால் சேர்த்தது. பிறப்பால் எதுவும் கிடைக்கும் என்ற எண்ணத்தோடுதான் நமக்குச் சண்டையே. இன்னொன்று, கம்பெனி ஊர் உருவாவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. கேஜ் இறங்கவில்லை, லைன் வரவில்லை, கைரேகை எடுக்கவில்லை. அந்த 120 வருஷத்தைச் சினிமா இன்னும் தொடவில்லை. ரஞ்சித்தோ அவர் வழியில் வருகிறவர்களோ தொடுவார்கள் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

7. ஆய்வும் சங்கமும்

1998ல் இரண்டு ஆங்கில நூல்கள் வந்தன. ஜானகி நாயர் எழுதியது மைசூர் சமஸ்தானத்துச் சுரங்கத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றியது. சுரங்கச் சட்டம், கண்காணிப்பு, தங்கத் திருட்டு, வேலைநிறுத்தம் பற்றியெல்லாம் இன்று நாம் பேச முடிவதற்கு அவருடைய உழைப்பு ஒரு காரணம். ஜி. அலாய்சியஸ் எழுதியது தமிழர்களிடையே எழுந்த பௌத்த இயக்கம் பற்றியது. 'தமிழன்' பக்கங்களிலிருந்து ஒரு அறிவுலகத்தையே அவர் மீட்டார். அடுத்த வருஷம் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்தும் கொடுத்தார்.

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, ஒரே ஊரைப் பற்றிய நூல்களா என்று எனக்குத் தோன்றியது. ஒன்றில் முன்னால் நிற்பது தொழிலாளி. இன்னொன்றில் முன்னால் நிற்பது பௌத்தன். ஆதாரங்களும் அப்படித்தான். அரசும் கம்பெனியும் போலீசும் விட்டுப்போன காகிதங்களில் நம் ஆள் திருடனாக, வேலைநிறுத்தக்காரனாக, நோயாளியாகப் பதிவாகியிருக்கிறான். அவனே அச்சடித்த காகிதத்தில் சிந்திக்கிறவனாக இருக்கிறான். இருவரும் ஒரே ஆள் என்று வாசிப்பது நம் வேலை. பகலில் காப்பை எதிர்த்தவனுக்கும் இரவில் புத்தரைக் கேட்டவனுக்கும் தொடர்பு என்ன? தான் திருடன் இல்லை, பூர்வகுடி என்று ஒருவன் வாசித்துத் தெரிந்துகொண்ட பிறகு, கைரேகை கேட்கிறவனிடம் அவன் எப்படி நிற்பான்? இந்தக் கேள்விகளை இனிமேல்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இடதுசாரித் தோழர்கள் சொல்லும் வரலாற்றில் தொழிலாளி விழித்துக்கொள்வது 1940களில், கே.எஸ். வாசன் போன்ற தலைவர்கள் செங்கொடியோடு வந்த பிறகு. அவர்களுடைய தியாகத்தை நான் குறைக்கவில்லை. அடி வாங்கினார்கள், சிறை போனார்கள், கூலியையும் மரியாதையையும் வாங்கித் தந்தார்கள். ஆனால் செங்கொடி வந்தபோது அங்கே இருந்தது வெறும் கூட்டம் அல்ல. முப்பது வருஷமாகப் பத்திரிகை வாசித்து, சாதியைக் கேள்வி கேட்டு, ஒருமுறை கம்பெனியையும் நிறுத்திக் காட்டிய மக்கள். விழித்திருந்தவர்கள் நடுவிலேதான் செங்கொடி வந்தது. சாதியை வர்க்கத்தின் பின்னால் தள்ளியவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. தங்கவயலில் நீலமும் சிவப்பும் ஒன்றோடொன்று மோதியும் சேர்ந்தும் ஓடிய கதையை நேர்மையாக எழுதினால், இன்று நமக்குள்ளே ஓடும் பல விவாதங்களுக்கு அது உதவும்.

8. மேடு மிச்சம்

டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கொடுத்த பாறை கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. எடுக்கிற செலவு விலையைத் தாண்டியது. நஷ்டக் கணக்கைக் காட்டி மூடினார்கள். நல்ல பாறையின் லாபம் லண்டனுக்குப் போயிற்று. கெட்ட பாறையின் நஷ்டம் லைனுக்கு வந்தது. அதன் பிறகு மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புவது ஊர்வழக்கம் ஆயிற்று. தாத்தாக்கள் நிலத்துக்குள் இறங்கினார்கள், பேரன்கள் ரயிலில் நிற்கிறார்கள்.

ஊரைச் சுற்றி 13 மண்மேடுகள் இருக்கின்றன. தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு கலந்த தூள், 3 கோடியே 30 லட்சம் டன். காற்றடித்தால் அது வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும். 2024 ஜூனில், அந்த மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேட்டில் தங்கம் இருப்பது அரசுகளுக்குத் தெரிகிறது. மேட்டின் கீழே இருக்கும் ஜனங்களுக்கு வீட்டுப் பட்டா, நிலுவைப் பணம், மூச்சு என்று கேட்க வேண்டியவை இருக்கின்றன. மண்ணைக் கிளறும்போது கிளம்பும் தூசு யார் நெஞ்சுக்குப் போகும் என்ற கேள்வியை 1940களின் அந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டும். வரலாறு தெரியாதவனிடம் இதைப் புதுத் திட்டம் என்று சொல்லிவிடலாம்.

அதனால் மாணவர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தங்கவயல் வீடுகளில் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. சம்பளச் சீட்டு, சங்கத் துண்டறிக்கை, புத்த ஜெயந்தி அழைப்பிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, பழுப்பேறிய பத்திரிகைத் தாள், ஷிப்டுக்குப் போகும் முன் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. வீடு இடியும்போது, ஊர் மாறும்போது இவையெல்லாம் பழைய பேப்பர்க்காரன் தராசுக்குப் போகின்றன. உள்ளே இறங்கி வேலை செய்த கடைசித் தலைமுறை வயசாகி இருமிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய மனைவிமார், குழாயடியில் வரிசை பிடித்தவர்கள், ஏர் பிளாஸ்ட் சத்தத்துக்குத் தெருவுக்கு ஓடிவந்தவர்கள், அவர்களிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்பவன் லைனில் போய் உட்கார வேண்டும். பதில் சொல்கிறவரை 'தகவலாளி' ஆக்காமல், அவரும் வரலாறு எழுதுகிறவர்தான் என்று நினைத்துக் கேட்க வேண்டும். ஒரு டேப்பும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். முதல் கேள்வியாகத் தங்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்க வீட்டுல அப்போ என்ன பத்திரிகை வாங்கினாங்க, யாரு படிச்சுக் காட்டுவாங்க என்று கேளுங்கள்.